ஆயிரம் மணி நேர வெயில்

அத்தியாயம் 14: பொட்டு

புதன்கிழமை சாயங்காலம் சுண்டல் டப்பாவோடு ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்ற அனந்தகிருஷ்ணனை அப்படியே நிறுத்திவைத்துவிட்டுப் போயிருந்தோம். பதினோரு வருஷமாக மனைவி எங்கே வேலை பார்க்கிறாள் என்று எட்டிக்கூடப் பார்க்காத மனிதன், ஆயுத பூஜையன்று மகள் ஷ்ருதியையும் இழுத்துக்கொண்டு தானாக வந்தான். விசாலாக்ஷி தன் அடையாள அட்டையைக் காட்டி இருவரையும் உள்ளே அழைத்துப் போனாள். சுற்றிக் காட்டினாள். கமிட்டிக்கான அறிக்கையை அச்செடுக்கப் பக்கத்து அறைக்குப் பத்து நிமிஷம் போய்விட்டு வந்து, வாசலில் நின்றபடியே இருவரையும் கூப்பிட்டாள். பிறகு மூவரும் ஒன்றாக வீட்டுக்குத் திரும்பினார்கள். இந்தக் குடும்பத்துக்கு அவ்வளவு நல்ல சாயங்காலம் அதற்கு முன்னால் வாய்த்ததில்லை என்பது தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அது புதன். இன்று வெள்ளி, காலை பத்து மணி. நடுவில் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒரே நாளில் வந்து விழுந்ததில், வியாழனன்று அந்தக் கட்டடத்தில் ஆள் நடமாட்டமே இல்லை.

விசாலாக்ஷி செருப்புக்கு மேல் நீல உறையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். சுவரில் இருந்த எண் பலகை 996 மணி நேரம் என்று காட்டியது. மதியம் இரண்டு மணிக்கு அது ஆயிரம் ஆகும். மூன்று மணிக்கு, அவள் திட்டம் தொடர்வதா என்று முடிவுசெய்யும் கமிட்டி.

இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. விசாலாக்ஷி செய்வது சூரிய மின்கலம். மொட்டைமாடிகளில் நீலமாகப் பளபளக்கும் சிலிக்கன் பலகை வேறு வகை. இவளுடையது பெரோவ்ஸ்கைட் என்கிற பொருள். கண்ணாடிமேல் மையைத் தடவுகிற மாதிரி மெல்லிசாகப் பூசினால் போதும், வெயிலை மின்சாரமாக்கிக் கொடுக்கும். மலிவு, சுலபம். ஒரே ஒரு குறை, வெயிலில் வைத்தால் கெட்டுப்போகும். வெயிலுக்கென்றே பிறந்த ஒன்று வெயில் தாங்காது என்றால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விசாலாக்ஷி முதலில் ஆராய்ச்சி செய்தது நானோ மின்னணுவியலில். கண்ணுக்கே தெரியாத டிரான்சிஸ்டர்கள். அவற்றுக்குப் போர்த்துகிற மூன்று நானோமீட்டர் படலத்தை இந்த மின்கலத்துக்குப் போர்த்தினால் என்ன என்று ஒருநாள் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது தோன்றியது. ஒரு தலைமுடியின் தடிமனை முப்பதாயிரம் பங்கு போட்டால் ஏறக்குறைய ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்காகத்தான் இந்தப் பதினோரு வருஷம்.

செயற்கை வெயிலின் கீழ் ஆயிரம் மணி நேரம் கலத்தை வைக்க வேண்டும். முடிவில் தொண்ணூறு விழுக்காடு திறன் மிஞ்சியிருந்தால் திட்டத்துக்கு இரண்டு வருஷ நீட்டிப்பு. மிஞ்சாவிட்டால், நாற்பத்து மூன்று வயதில், நிரந்தரமாகாத ஒப்பந்த வேலையோடு ஆராய்ச்சிக்கே ஒரு முழுக்கு. வீட்டிலும் அப்படித்தான் பேசி முடிவாகியிருந்தது. இந்த முறையும் இல்லை என்றால் விட்டுவிடுகிறேன் என்று அவளே சொல்லியிருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் அளந்தபோது தொண்ணூற்றாறு இருந்தது. நாற்பத்தோரு நாளாக அந்த விளக்கு அணையவில்லை. ஷ்ருதி அதை "அம்மாவோட சபரிமலை விரதம்" என்று கேலி செய்வாள்.

கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கின் கீழ் இருந்த கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்தாள். உள்ளே நான்கு கலங்கள், ஒவ்வொன்றும் தபால்தலை அளவு. அவை கறுப்பாக இருக்க வேண்டும். கறுப்பாக இருந்தால் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம்.

நான்கும் மஞ்சளாக இருந்தன.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அளக்கும் கருவியை இணைத்து நான்கையும் அளந்தாள். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்து நான்கு, நான்காவது எண்ணே காட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். அது வரவில்லை.

"அந்தோணி."

அந்தோணி ஆய்வுக்கூட உதவியாளர். ஐம்பதைத் தொட்ட மனிதர், விழுப்புரம் பக்கம். அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள் இருவர்தான் என்பதால், ஒன்பது வருஷமாக ஒருவருக்கொருவர் பேச்சுத்துணை. தில்லி ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் அவருக்கு இருந்த வீடு போன ஜூன் மாதம் புல்டோசரில் போனபிறகு நரேலாவுக்குக் குடிபோய்விட்டார். ஊரின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு மூன்று பஸ் மாறி வருகிறார்.

"சொல்லுங்க மேடம்."

"காலைல எத்தனை மணிக்கு வந்தேள்?"

"ஒம்பது நாப்பது ஆயிடுச்சுங்க. ஆசாத்பூர்ல ஜாம்."

"வந்ததும் என்ன பண்ணினேள்?"

"எப்பவும் பண்றதுதான். பொட்டத் தொடச்சேன்."

இந்தப் பொட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்ணாடிப் பெட்டியின் மேல்மூடியில், நடுவில், எட்டணா அளவில் வட்டமாக ஓர் ஒளி உணரி இருக்கிறது. எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அது விளக்குக்குச் சொல்லும். வெளிச்சம் குறைந்ததாகச் சொன்னால் விளக்கு தானாகக் கூடுதலாக எரியும், கூடினால் தணியும். அதன்மேல் தூசி படியக் கூடாது. பெட்டியை முதல்நாள் பார்த்த அந்தோணி, "நெத்தில பொட்டு வெச்ச மாரி இருக்குது மேடம்" என்றார். அன்றிலிருந்து அதற்கு அதுவே பெயர். தினமும் காலையில் வீட்டிலிருந்து விசாலாக்ஷி போன் செய்வாள். "அந்தோணி, பொட்டு சரியா இருக்கா? தொடைச்சாச்சா?"

கணினியில் இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. உணரியின் கோடு நாற்பத்தோரு நாளாக நேராக, ஆடாமல் அசையாமல், ஒரு சூரியன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கைபேசியில் தெரிவது அந்தக் கோடு மட்டும்தான். நேற்று முழுக்க அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நிம்மதியாக இருந்தாள். மைதானத்தில் தசராவுக்கு ராவணன் பொம்மை எரிந்துகொண்டிருந்தபோதுகூட ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நன்னா இருக்கு" என்று அனந்தகிருஷ்ணனிடம் சொன்னாள்.

விளக்கின் கோடு வேறு கதை சொன்னது. புதன்கிழமை மாலை ஆறு இருபதுக்கு அது செங்குத்தாக மேலே ஏறியிருந்தது. ஒரு சூரியன் இரண்டேகால் சூரியனாகி, வெள்ளிக்கிழமை ஒன்பது நாற்பதுவரை அப்படியே நின்றிருந்தது. ஏறக்குறைய நாற்பது மணி நேரம். கலம் வெந்துவிட்டது.

"பொட்டுமேல என்ன இருந்தது அந்தோணி?"

அந்தோணி மடித்த புதுத் துணி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அழுக்குதான் மேடம்."

"என்ன அழுக்கு?"

"லைட்டு ரொம்ப எரிஞ்சிது. அவசரத்துல தொடச்சிட்டேன். பாக்கல."

"பார்க்கலயா? இதைப் பார்க்கறதுக்குத்தானே நீங்க இருக்கேள். பதினோரு வருஷம் அந்தோணி. உங்களுக்கு என்ன, நாளைக்கு இன்னொரு ரூம்ல தொடைக்கப் போயிடுவேள்."

சொல்லிவிட்டாள். சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தோணி துணியை மேஜையில் வைத்தார். டீ கொண்டு வருகிறேன் என்று போனார்.

விசாலாக்ஷி எழுந்து பெட்டியின் அருகில் போனாள். பொட்டு சுத்தமாக இருந்தது. அதைச் சுற்றியிருந்த உலோக வளையத்தின் இடுக்கில் மட்டும் எதுவோ காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாக ஒரு துகள், அதன் நுனியில் சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனாள்.

சந்தனம். கடையில் வில்லையாக விற்கிறதே, அது இல்லை. கல்லில் இழைத்து, ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரம் சேர்த்தது. தில்லியில் இதை இப்படி இழைக்கிற ஒரே ஒரு மனிதனைத்தான் அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் குளித்துவிட்டு, ஆபீஸ் மீட்டிங்கைக் காதில் மாட்டிக்கொண்டு, வீட்டில், முனிர்கா ஃப்ளாட்டின் பால்கனியில் உட்கார்ந்து இழைப்பான்.

நடைபாதையின் கோடிக்குப் போய்க் கைபேசியை எடுத்தாள்.

"விசாலி, ஆயிரம் ஆச்சா?" அனந்தகிருஷ்ணன் குரலில் அப்படி ஒரு உற்சாகம். "நான் அரை நாள் லீவு சொல்லிட்டேன். ஸ்வீட் வாங்கி வெக்கட்டுமா?"

"அன்னிக்கு நான் பிரிண்ட் எடுக்கப் போனப்போ நீங்க என்ன பண்ணினேள்?"

"என்ன பண்ணினேன், சும்மா நின்னுண்டிருந்தேன்." கொஞ்சம் சிரித்தான். "சரி, கண்டுபிடிச்சுட்டியா. நீ திட்டுவியோன்னு சொல்லலை. ஆத்துலேர்ந்து சம்புடத்துல சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்திருந்தேன். நீ தினம் போன்ல கேப்பியோல்லியோ, பொட்டு சரியா இருக்கா, தொடைச்சாச்சான்னு. சரி, இவாளும் மெஷினுக்குப் பொட்டு வெச்சுத்தான் வேலை பண்றான்னு நெனச்சுப்பேன். அன்னிக்குப் பார்த்தா வட்டமா இடம் மட்டும் இருக்கு, பொட்டைக் காணும். ஆயுத பூஜையும் அதுவுமா வெறும் நெத்தியா இருந்தது. அதான் வெச்சேன்."

விசாலாக்ஷி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"விசாலி? எதாவது தப்பா?"

"இல்லை. அப்புறம் பேசறேன்."

"வேண்டிண்டுதான் வெச்சேன். உனக்கு இது கிடைக்கணும்னு. இத்தனை வருஷம் நான் ஒண்ணும் பண்ணலை உனக்கு."

"அப்புறம் பேசறேன் அனந்த்."

புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து சரஸ்வதி பூஜையன்று பேனாவைக்கூடத் தொடாதவன் அவன். பக்தியை யாரும் குறை சொல்ல முடியாது. அவள் சொன்ன ஒரு செல்லப்பெயரை அவன் நிஜமென்று எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். அவளிடம் ஒரு தடவை, பொட்டு என்றால் என்ன என்று அவன் கேட்டிருந்தால் போதும். அவனிடம் ஒரு தடவை அவளாவது சொல்லியிருக்கலாம். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் இருவருக்கும் அதற்கு நேரம் வாய்க்கவில்லை.

கமிட்டி அறையில் நான்கு பேர். தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், இந்தியும் ஆங்கிலமும் கலந்து மெதுவாகப் பேசுகிறவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. விசாலாக்ஷி தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாவது மணி வரைக்குமான கோட்டைக் காட்டினாள். நால்வரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அதற்கு அடுத்த படத்தைக் காட்டினாள். நால்வரும் பின்னால் சாய்ந்துவிட்டார்கள்.

"என்ன ஆயிற்று?" என்றார் தலைவர்.

"விளக்கு அளவுக்கு மீறி எரிந்துவிட்டது சார். ஒளி உணரி மறைபட்டுவிட்டது. அதனால் அது வெளிச்சம் குறைவு என்று தப்பாகச் சொன்னது."

"உணரியை எது மறைத்தது?"

சந்தனம் என்று சொல்ல வேண்டும். யார் வைத்தது என்று அடுத்த கேள்வி வரும். என் கணவர் என்று சொல்ல வேண்டும். அவர் எப்படி உள்ளே வந்தார்? போன மாதம்தான் இரண்டாவது மாடியில் ஒருவர் தம்பியை உள்ளே அழைத்துவந்து போட்டோ எடுத்ததற்காக அவருடைய திட்டத்தை அப்படியே மூடினார்கள். மூடியது இதே கமிட்டி. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை அன்றைக்கு அவள் ஆய்வுக்கூடத்து வாசலுக்கும் வந்தது.

"ஏதோ படிந்திருந்தது சார்" என்றாள்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இப்படித்தான் எழுதுவார்கள். படிந்திருந்தது. யார் படியவைத்தது என்று அந்த வாக்கியத்தை யாரும் கேட்க மாட்டார்கள். விசாலாக்ஷி பதினோரு வருஷமாக அப்படி எழுதிப் பழகியவள்.

தலைவர் பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"வியாழக்கிழமை காலியாக இருக்கிறது. உதவியாளர் விடுமுறையிலும் ஒருமுறை வந்து உணரியைத் துடைக்க வேண்டும் என்று இருக்கிறதே. வரவில்லையா?"

வரவில்லை. புதன்கிழமை மதியம் விசாலாக்ஷிதான் சொன்னாள். நாளைக்கு லீவுதானே அந்தோணி, அவ்வளவு தூரத்திலேர்ந்து அலைய வேண்டாம், ஒரு நாள் வீட்டில் இருங்கோ என்றாள். அந்தோணி தயங்கி, "பரவால்லயா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"வரவில்லை சார்" என்றாள்.

"இன்றைக்கும் ஒன்பது நாற்பது. அச்சா." பேராசிரியர் பதிவேட்டை மூடினார். "ஒப்பந்த ஆள்தானே. மாற்றிவிடுங்கள். தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு மணி வரை உங்கள் கலம் பிரமாதம் டாக்டர். ஒரு வேலைக்காரனின் கவனக்குறைவுக்காக இதை மூடக் கூடாது. மூன்று மாதம் தருகிறோம். மறுபடி செய்து காட்டுங்கள். சரிதானே?"

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். செயலர் எழுதிக்கொண்டிருந்தார். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. அது ஓடி முடியும்வரை அவளுக்கு நேரம் இருந்தது. நிறையவே நேரம் இருந்தது. வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம், அதோடு படலம், பதினோரு வருஷம், நாளைக் காலையிலிருந்து எழுந்து போக ஓர் இடம், எல்லாம் போகும்.

"தேங்க் யூ சார்" என்றாள்.

மற்றப் பேச்சுகள் முடிந்து அரை மணி கழித்து அவள் வெளியே வந்தபோது, நடைபாதையில் அந்தோணி நின்றுகொண்டிருந்தார். கையில் டீ ஆறிப்போயிருந்தது.

"நல்லபடியா முடிஞ்சிதா மேடம்?"

"மூணு மாசம் குடுத்திருக்கா."

"அப்பாடா." அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்க்க முடியாமல் விசாலாக்ஷி டீயை வாங்கிக்கொண்டாள். "ஆபீஸ்ல கூப்ட்டு, இனிமே வேலையில்லன்னு எனக்கும் சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை வந்து எழுதிக் குடுக்கணுமாம். என் கவனக்கொறவுதான்னு. கீழ நீங்களும் கையெழுத்து போடணுமாம்."

விசாலாக்ஷி டீயை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"அந்தோணி, அதுல இருந்தது சந்தனம்."

"தெரியும் மேடம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காலைல பாத்தேனே. சந்தனம், நடுவுல குங்குமம். நீங்கதான் பூஜ போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். கமிட்டி வர்ற நாளு, பாத்தா ஏதாச்சும் சொல்லுவாங்கன்னு நீங்க வர்றதுக்குள்ள தொடச்சிட்டேன். தொடச்ச துணியையும் பைக்குள்ள போட்டுட்டேன். இப்பவும் வாயத் தொறக்கல. எங்கிட்ட இருக்கட்டும் அது."

"நான் வைக்கலை."

அந்தோணி அவளைப் பார்த்தார். யார் என்று கேட்பார் என்று காத்திருந்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்று இன்றுவரை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். அவர் கேட்கவில்லை.

"சரிங்க மேடம்" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "புதுசா வர்ற ஆளுகிட்ட ஈரத் துணி வேணாம்னு சொல்லிடுங்க. கோடு விழும். மூச்ச ஊதிட்டு, காஞ்ச துணியால ஒரே பக்கமா இழுக்கணும்" என்றார்.

அவள் தலையாட்டினாள். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டில் மேஜைமேல் மில்க் கேக் பெட்டி பிரித்து வைத்திருந்தது. ஷ்ருதி பள்ளிச் சீருடையிலேயே இருந்தாள். மூன்று மாதம் என்று வழியிலிருந்து அவள் அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு, அனந்தகிருஷ்ணன் வாசலுக்கே வந்துவிட்டான்.

"மூணு மாசமா? அப்போ கிடைச்சுடுத்துன்னு அர்த்தமா, இல்லைன்னு அர்த்தமா?"

விசாலாக்ஷி உட்காராமலே சொன்னாள். உணரி, விளக்கு, இரண்டேகால் சூரியன், மஞ்சள். குரலை உயர்த்தவில்லை. ஷ்ருதிக்கு இயற்பியல் நன்றாக வரும். பாதியிலேயே புரிந்துகொண்டு, "அப்பா, ஆப் நே, நீங்களா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அனந்தகிருஷ்ணனுக்குக் கடைசியில்தான் புரிந்தது. நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தான்.

"நான்தானா?"

"ஆமாம்."

"பொட்டுன்னா அதுவா."

"அதுதான்."

பொட்டு வைத்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைத் திட்டியிருக்கலாம். திட்டுவதற்கு வேண்டிய கோபம் காலையிலேயே அந்தோணிமேல் செலவாகிவிட்டிருந்தது.

"அம்மா, அப்போ அந்தோணி அங்கிள்?" என்றாள் ஷ்ருதி. "உன் கமிட்டி அவங்களை ஏதாவது போலா க்யா? திட்டினாங்களா?"

"அவரை எடுத்துட்டா."

"பட் ஹி டிட்ன்ட் டூ எனிதிங்."

"தெரியும்."

"நீ சொல்லலியா?"

விசாலாக்ஷி மில்க் கேக் பெட்டியை மூடி, அதன் நூலைத் திரும்பக் கட்டினாள்.

அனந்தகிருஷ்ணன் எழுந்தான். "திங்கக்கிழமை நான் வரேன். வந்து சொல்றேன். நான்தான் வெச்சேன், எனக்குத் தெரியாது, அவர்மேல தப்பு இல்லைன்னு எழுதிக் குடுக்கறேன். என்னை என்ன பண்ணிடுவா?"

அவனை ஒன்றும் செய்ய மாட்டார்கள்தான்.

"வேண்டாம்" என்றாள் விசாலாக்ஷி.

அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்தது என்பது அவளுக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. கமிட்டி அறையில் பேசாமல் இருந்ததைப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அந்தப் பெயர்கூட இல்லை. ஷ்ருதி அம்மாவைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அப்போ அவராத்துக்காவது போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்" என்றான் அனந்தகிருஷ்ணன். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். "எங்கே இருக்கார்?"

"நரேலா."

"நரேலால எந்த பாக்கெட், எந்த பிளாக்? எத்தனாம் நம்பர்?"

அவளுக்குத் தெரியவில்லை. கேம்ப்பில் இருந்தவரை அந்த வீடு தெரியும். கிறிஸ்துமஸுக்கு இரண்டு தடவை போயிருக்கிறாள். சாக்கடையை ஒட்டிய சந்தில் மூன்றாவது கதவு, நீலப் பெயின்ட். அதை இடித்த அன்று ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு, மறுநாளே அந்தோணி வேலைக்கு வந்துவிட்டார். எல்லாம் சரியா என்று கேட்டாள், சரிங்க மேடம் என்றார். அதற்குப் பிறகு நான்கு மாதம். எங்கே, எத்தனையாவது மாடி, தண்ணீர் வருகிறதா என்று ஒருநாள்கூட அவள் கேட்கவில்லை.

"போன் பண்ணிக் கேளு" என்றான் அனந்தகிருஷ்ணன்.

என்ன சொல்லிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் பஸ் இரைச்சல், யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அந்தோணி," என்றாள்.

"சொல்லுங்க மேடம். வெளக்குல ஏதாச்சுமா? நான் இன்னும் ஆசாத்பூர்கூடத் தாண்டல. எறங்கித் திரும்பி வரட்டுங்களா?"